பன்னிரண்டாவது ரசீது

குலரியாவில், ஆணையத்தின் வாடகை அறையில்
மனு எழுதி வாங்கும் வேலை எனக்கு.
மின்விசிறி சுற்றினால் தாள் பறக்கும்,
நிறுத்தினால் பேனா வழுக்கும்.

பத்தேகால் மணிக்கு பூல்பாசி தாரு வந்தாள்.
கெண்டைக்கால் பச்சைக்குத்தின் மேல்
நாற்றங்கால் சேறு காய்ந்திருந்தது.
நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்
யாரோ வந்து எழுப்பிவிடுவார்கள் என்பது போல.

காணாமல் போனவர் பெயர்?
"போகவில்லை. கொண்டுபோனார்கள்.
பெயர் பகிராம்."

வயது?
"அன்றைக்கு இருபத்தாறு.
இன்றைக்கு எழுதினால் நாற்பத்தொன்பது.
எங்கள் மங்ரிக்கே இருபத்தைந்து முடிகிறது.
அடுத்த வருஷம் அப்பனும் மகளும் ஒரே வயது.
எதை எழுதுவாய்?"

கட்டம் சின்னது.
இரண்டையும் நடுவில் கோடு போட்டு எழுதினேன்.
வட்டிக் கணக்கு போல இருந்தது.

கடைசியாகப் பார்த்தது?
"சாவன் மாதம், நத்தை பொறுக்கி வந்த ராத்திரி.
ஓட்டை வாயில் வைத்து அவன் உறிஞ்சுகிற சத்தத்தில்
பூட்ஸ் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.
ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிடுகிறோம் என்றார்கள்.
கை கழுவக்கூட விடவில்லை."

காயாத அந்தக் குழம்புக் கையை
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தேடினேன்.
இல்லை.

அங்க அடையாளம்?
பாலித்தீன் பையிலிருந்து ஒரு பழைய ரவிக்கையை எடுத்தாள்.
மேலிருந்து மூன்றாவது பொத்தான் இருந்த இடத்தில்
நூல் மட்டும்.
"அதைப் பிய்த்துத்தான் அவன் சட்டையில் தைத்தேன்.
நீலச் சட்டை. ஒரே ஒரு பொத்தான் சிவப்பு.
எலும்பைக் காட்டினால் எனக்குத் தெரியாது.
பொத்தானைக் காட்டச் சொல்."

உறவு: மனைவி / விதவை.
பொருந்தாததை அடிக்கவும்.
பேனாவை என் கையிலிருந்து வாங்கினாள்.
இரண்டாவது சொல்லைத் தாள் கிழியும்வரை அடித்தாள்.
"செத்துவிட்டான் என்று நான் கையெழுத்துப் போட்டால்
நிலம் என் பேருக்கு வருமாம்.
அதைக் கொன்றவன் அல்லவா எழுதித் தரவேண்டும்?"

சந்தேகப்படும் நபர்?
"சந்தேகமே இல்லை. தம்பர் பகதூர்.
அப்போது ஹவல்தார். இப்போது
பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இரும்புக்கடை.
உரம் வாங்க வரும்போதெல்லாம் பார்க்கிறேன்.
தலை முழுக்க நரைத்துவிட்டது. முழங்கால் வலி போல,
படி ஏற ஒரு பையனைப் பிடித்துக்கொள்கிறான்.
பார், அவனுக்கு வயதாகிறது."

பேனா நின்றது.

போன மழைக்கு முன்பு என் வீட்டுக் கூரைக்கு
அந்தக் கடையில்தான் தகரம் எடுத்தேன்.
பாதிப் பணம் இன்னும் தரவில்லை.
நல்ல மனிதர், நெருக்குவதில்லை என்று
வீட்டில் சொல்லியும் இருக்கிறேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை,
பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
இதே இடத்தில் நின்றுபோன
பதினொரு பேனாக்களைப் பார்த்தவள்.

எழுதினேன்.
கடையின் பெயரை அவள் சொல்லவில்லை.
அதையும் எழுதினேன்.

முத்திரை குத்தி ரசீது கொடுத்தேன்.
எண்ணை விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்து
மற்ற பதினொன்றோடு மடித்து
ரவிக்கைக்குள் சுற்றினாள்.
பதில் எப்போது வரும் என்று கேட்கவில்லை.
"இதை எங்கே வைப்பாய், காட்டு" என்றாள்.

இரும்பு அலமாரியைக் காட்டினேன்.
எழுந்துபோய்க் கதவை இழுத்துப் பார்த்தாள். திறந்துகொண்டது.
"ஒரு பூட்டு வாங்கிப் போடு.
அவன் கடையில் வாங்காதே."

அன்று இரவு மழை பிடித்துக்கொண்டது.
புதுத் தகரத்தில் ஒவ்வொரு துளியும்
எண்ணிப் போட்டது போல விழுந்தது.
தூங்கலையா என்றாள் மனைவி.
பாக்கி இருக்கிறது என்றேன்.